வீட்டில் சொல்லாத விலை

கேள்வி: களுவாஞ்சிகுடியில் கடை வைத்திருக்கிறேன், மனைவி ஆசிரியை. அம்மாவை மாதந்தோறும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது சிரமமாக இருப்பதால், நகரில் ஒரு கார் சேலில் 2017ஆம் ஆண்டு சுசுகி வேகன் ஆர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விலை 68 இலட்சம். முதலில் 30 இலட்சம் கட்ட வேண்டும். அதில் 12 இலட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்கிறேன். மீதி 38 இலட்சம் லீசிங். ஐந்து ஆண்டுக்கு மாதம் 91,000 ரூபா என்றார்கள். விடாமல் பேசி 74,000 ஆகக் குறைத்துவிட்டேன். ஏழு ஆண்டு கட்ட வேண்டும். வீட்டில் 74,000 என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், மொத்தக் கணக்கைச் சொன்னால் வீணாகப் பயந்துவிடுவார். வெள்ளிக்கிழமை முற்பணம் கொடுக்க வேண்டும். இன்னும் எப்படிப் பேசிக் குறைக்கலாம்?

பதில்:

தம்பி, நீங்கள் இன்னும் எதையும் குறைக்கவில்லை. காரின் விலை முதலில் 68 இலட்சம், இப்போதும் 68 இலட்சம். மாதம் 91,000 ரூபா வீதம் 60 மாதம் கட்டினால் 54 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. 74,000 ரூபா வீதம் 84 மாதம் கட்டினால் 62 இலட்சத்து 16 ஆயிரம் ரூபா. விடாமல் பேசி நீங்கள் பெற்றது ஏழரை இலட்சத்துக்கும் அதிகமான மேலதிகச் செலவு. கையிலிருந்து கொடுக்கும் 30 இலட்சத்தையும் சேர்த்தால் அந்தக் கார் உங்களுக்கு 92 இலட்சத்து 16 ஆயிரம் ரூபாவாகிறது. அடகு வட்டியும் காப்புறுதியும் இந்தக் கணக்கில் இல்லை. கடைசித் தவணையைக் கட்டும்போது வாகனத்துக்குப் பதினைந்து வயதாவது ஆகியிருக்கும்.

இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. “மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?” என்று விற்பவர் கேட்பார், வாங்குபவர் ஒரு தொகையைச் சொல்வார், அந்தத் தொகைக்குள் அடங்கும்படி ஆண்டுகள் நீட்டப்படும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுவல்ல. போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான்: “வீட்டில் 74,000 என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.”

கார் சேல்காரர் மொத்தத் தொகையை மறைத்து மாதத் தவணையை உங்கள் முன் வைத்தார். நீங்கள் வீட்டுக்கு வந்து அதையே உங்கள் மனைவிக்குச் செய்திருக்கிறீர்கள். அவர் வியாபாரி, இலாபத்துக்காகச் செய்தார். நீங்கள் எதற்காகச் செய்தீர்கள்? பயந்துவிடுவார் என்கிறீர்கள். 68 இலட்ச ரூபாச் சாமானுக்கு 92 இலட்சம் கொடுக்கப் போவதைக் கேட்டு ஒருவர் பயந்தால் அது வீணான பயமல்ல, இந்தக் கொடுக்கல் வாங்கலில் இதுவரை யாருக்கும் வராத நிதானம். அது வந்துவிடும் என்பதற்காகத்தான் நீங்கள் மறைத்தீர்கள்.

எங்கள் பக்கத்தில் வீடும் நகையும் பெண்ணுக்கென்று கொடுக்கப்படுபவை. ஆண்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இருந்துதான் குடும்பம் நடத்துகிறான். அந்த வழக்கத்தில் வளர்ந்த நீங்கள், அவருடைய நகையை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்லும்போது, அது எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு கடனுக்குத் துணையாகப் போகிறது என்று சொல்லாமல் எடுத்துச் செல்வதை நான் சரியென்று ஒருபோதும் சொல்லமாட்டேன். மீட்க முடியாமற்போனால் நகை ஏலத்துக்குப் போகும். தவணை தவறினால் காரையும் லீசிங் நிறுவனம் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் கடைசித் தவணை வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது அந்த நிறுவனமே. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது மகனின் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்தக் கடமையின் செலவில் பாதியைச் சுமக்கப்போகிறவருக்கு முழுக் கணக்கும் தெரியவேண்டும் என்பதும் அதே அளவு கடமைதான்.

ஆகவே இன்றிரவே ஒரு கொப்பியில் மேலே உள்ள கணக்கை எழுதி அவர் முன் வையுங்கள். இருவருமாகச் சேர்ந்து ஒரு மொத்தத் தொகையை, வட்டியும் அடங்கலாக, இதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று முடிவு செய்யுங்கள். பேரத்தில் உங்களுக்கு இதுவரை இல்லாத பலம் அதுதான்: எழுந்து வந்துவிடக்கூடியவர் என்று விற்பவருக்குத் தெரியவேண்டும். 74,000 கட்டத் தயார் என்று தலையாட்டியவரிடம் அவர் ஏன் விலையை இறக்கப் போகிறார்?

வெள்ளிக்கிழமை முற்பணம் கொடுக்க வேண்டாம். மனைவியையும் அழைத்துக்கொண்டு போய், தவணையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கைக்காசுக்கு இந்தக் கார் என்ன விலை என்று மட்டும் கேளுங்கள். அதற்கு முன்னர் காத்தான்குடி, கல்முனைப் பக்கங்களில் அதே ஆண்டு, அதே ரகக் கார் என்ன விலைக்குப் போகிறது என்று நேரில் விசாரியுங்கள். இணைய விளம்பரங்களில் இருப்பது கேட்கும் விலையே தவிரக் கைமாறிய விலை அல்ல. லீசிங்கை விற்பவர் காட்டும் நிறுவனத்தில்தான் எடுக்கவேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளரைக் கொண்டுவருபவருக்குத் தரகு கொடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு என்பதால், இரண்டு மூன்று வங்கிகளில் நீங்களே வட்டியைக் கேளுங்கள். விலையில் இரண்டு இலட்சம் இறங்கினாலும், ஐந்தாண்டுத் திட்டத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 4,800 ரூபா குறையும்; மொத்தத்தில் அது இரண்டே முக்கால் இலட்சத்தைத் தாண்டும்.

“இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கிடைக்காது” என்பார்கள். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகனங்களும் மீண்டும் வருகின்றன. வரி அதிகமென்பதால் விலை இறங்கிவிடவில்லை, ஆனாலும் அந்த ஒரு காருக்காக நீங்கள் ஓடவேண்டிய அவசியம் இல்லை.

விலையை இறக்க வாய்ச் சாமர்த்தியத்தை விடக் குறைகளின் பட்டியல் உதவும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்; விற்பவர் ஏற்பாடு செய்யும் மெக்கானிக் வேண்டாம். ஜப்பானிய ஏலத் தாளை, அதாவது இந்தக் கார் ஜப்பானில் ஏலத்துக்கு வந்தபோது எழுதப்பட்ட பரிசோதனைத் தாளை, கேட்டு வாங்குங்கள். அதில் அன்றைய ஓட்டக் கிலோமீற்றரும் தரப் புள்ளியும் இருக்கும். தரத்துக்குரிய இடத்தில் ‘ஆர்’ என்று இருந்தால் அது விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வண்டி. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நின்ற வாகனமா என்பதையும் பாருங்கள்: சீற் பெல்ட்டை முழுதாக இழுத்து அடிநுனியில் சேற்றுக் கறை உண்டா, கம்பளத்துக்குக் கீழே மணல் உண்டா, இருக்கைத் தண்டவாளங்களில் துரு ஏறியிருக்கிறதா என்று கவனித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்ட குறை ஒவ்வொன்றையும் திருத்த ஆகும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய், விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் இருப்பவரின் பெயரில்தான் உரிமை மாற்றப் படிவமும் இருக்கவேண்டும். பெயர் மாற்றாமல் பல கை மாறிய வெறும் கையெழுத்துப் படிவத்தை நம்பி வாங்காதீர்கள். பழைய லீசிங் ஏதும் தீர்க்கப்படாமல் இருக்கிறதா என்பதையும், அடிச்சட்ட இலக்கம் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, நீங்கள் இருவரும் எழுதிய தொகைக்குள் விலை வந்தால், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வாகனம் சொன்னபடி இல்லாவிட்டால் திருப்பித் தரப்படும் என்று பற்றுச்சீட்டில் எழுதச் செய்த பிறகு முற்பணத்தைக் கொடுங்கள். எழுதித் தர மறுத்தால் அன்றே இருவரும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு ஒரு வாடகைக் காரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.