மிஸ்ஸியிடம் கேளுங்கள்: உங்களுக்கும் ஒரு நடுத்துண்டு

கேள்வி: அன்புள்ள மிஸ்ஸி, எனக்கு வயது 46. பாலையூற்றில் இருக்கிறேன், அரசாங்க உத்தியோகம். வீட்டில் கணவர், ஏ.எல் படிக்கிற மகள், ஓ.எல் எழுதப்போகிற மகன், படுக்கையோடு இருக்கிற மாமி. விடிய நாலு மணிக்கு எழும்பினால் இரவு பத்தரைக்குத்தான் படுக்கிறேன். பிரஷர் இருக்கிறது. கடைசி இரண்டு கிளினிக்குக்கும் போகவில்லை, குளிசையும் முடிந்துவிட்டது. போன கிழமை மகள், "அம்மா, முதல்ல உங்களை நீங்கள் நேசிக்கப் பழகுங்கோ" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று சொல்லித்தந்த வீட்டில் வளர்ந்தவள் நான். என்னை நானே கவனித்துக்கொண்டிருப்பது தன்னலம் இல்லையா?

பதில்: தங்கச்சி, முதலில் குளிசை. மற்றதைப் பிறகு கதைப்போம். தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, அதனால் பரவாயில்லை என்று இருந்துவிடாதீர்கள். பிரஷர் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. காட்டாமலே மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். திகதி தவறிவிட்டது, போனால் ஏசுவார்கள் என்று பயந்து வராமலே விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏசினால் ஏசட்டும். கொப்பியை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள்.

நான் தாதியாக வேலை செய்த காலத்தில் கிளினிக் நாட்களில் விடியவே வரிசை நிற்கும். உங்களைப் போன்ற பெண்கள் பையைத் திறந்து கொப்பிகளை எடுப்பார்கள். கணவருடையது ஒன்று, மாமியுடையது ஒன்று. உறை போட்டு, பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகளைத் திகதி பார்த்து அடுக்கிப் பின் குத்தி வைத்திருப்பார்கள். "உங்களுடையது எங்கே?" என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

தேவார வரிக்கு வருகிறேன். கோணேசர் கோயில் வீதியைச் சுற்றும்போது எத்தனையோ பெண்கள் அதை முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அப்பர் அந்த ஒரு வரியை மட்டும் பாடவில்லை. 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்' என்று பாடிவிட்டுத்தான் 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று முடிக்கிறார். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, தாங்கப்படுகிற வரியை விட்டுவிட்டு உழைக்கிற வரியை மட்டும் கையில் கொடுத்துவிட்டோம். அதே அப்பர் சூலை நோயில் துடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவில்லை. அக்கா திலகவதியாருக்கு ஆளனுப்பினார், அவர் வரவில்லை என்றதும் தானே தேடிப் போனார், திருவதிகையில் நின்று தாங்க முடியவில்லை என்று வாய்விட்டுப் பாடினார். நோவு என்று சொல்வதும் உதவி கேட்பதும் பக்திக்குக் குறை என்றால் அவர் அதைச் செய்திருப்பாரா?

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். இரவில் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு குசினியில் நின்றபடி, மீன் சட்டியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுகிறவர்தானே? நடுத்துண்டு பிள்ளைகளுக்கு, தலை அவருக்கு, உங்களுக்கு வால். சந்தையில் நின்று செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, வாங்கி வந்து வெட்டுகிறது உங்கள் கை. இன்றிரவு மற்றவர்களுக்குப் போடும்போதே உங்களுக்கும் ஒரு கோப்பையில் போடுங்கள். நடுத்துண்டோடு போடுங்கள். கதிரையில் இருந்து சாப்பிடுங்கள். முதல் சில நாள் நெஞ்சுக்குள் உறுத்தும். அந்த உறுத்தல் போன பிறகு தொடங்கலாம் என்றிருந்தால் ஒருநாளும் தொடங்கமாட்டீர்கள். உறுத்தலோடேயே சாப்பிடுங்கள்.

அப்புறம், வீட்டில் உதவி கேட்கிற விதம். "எனக்கு ஒருத்தரும் உதவி இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். "சனிக்கிழமை பின்னேரம் நாலிலிருந்து ஆறரை வரைக்கும் அம்மாவை நீங்கள் பாருங்கோ" என்று கணவரிடம் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். மாமியை எப்படிப் புரட்டுவது என்பதைக் காட்டிக்கொடுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். மகனும் பழகட்டும். ஓ.எல் எழுதுகிற வயதில் அப்பம்மாவின் முதுகைத் துடைத்துவிடத் தெரிவது சோதனைக்கு இடைஞ்சல் இல்லை.

அந்த இரண்டரை மணித்தியாலத்தில் டச்சு பே கடற்கரைப் பக்கம் போங்கள். மணலில் இருந்து கடலையைக் கொறியுங்கள். கால் நனைய நடவுங்கள். வருகிற வழியில் மரக்கறி வாங்கி வருகிறேன் என்று மட்டும் புறப்படாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று. 35 வயது கடந்த பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்துகிற சுகவனிதையர் கிளினிக்கில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் இலவசம். கிளினிக் எந்த நாள் என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள். வெட்கமாக இருந்தால் ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போங்கள், இருவருக்கும் நல்லது.

கேள்வி: மிஸ்ஸி, பிள்ளைகள் கனடாவில், அவர் காலமாகிவிட்டார். தனியாளுக்கு எதற்குச் சமையல் என்று பாணும் பிளேன்டீயுமாக நாள் போகிறது. இது பிழையா? (63 வயது, உவர்மலை)

பதில்: பிழை என்று சொல்லமாட்டேன் அக்கா, ஆனால் உடம்பு தாங்காது. நம் வயதில் தசை குறைந்துகொண்டு போகும், புரதம் வேண்டும். ஒரு முட்டை, ஒரு கை பயறு, ஒரு துண்டு மீன், அன்றன்றைக்கு ஏதாவது ஒன்று. முருங்கை இலைச் சுண்டல் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும்? பிள்ளைகள் வந்தால் எடுப்போம் என்று அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிற நல்ல பீங்கானை எடுத்து அதில் போட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மிஸ்ஸி, கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன், வயது 22. இரண்டு தரம் ஏ.எல் எடுத்தும் கம்பஸ் கிடைக்கவில்லை. மாமாவின் கடையில் நிற்கிறேன். கூட்டாளிமார் கட்டாரில், கம்பஸில். கண்ணாடியைப் பார்த்து 'நான் என்னை நேசிக்கிறேன்' என்று தினமும் சொல்லச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது. என்னில்தான் பிழையா?

பதில்: இல்லை தம்பி. கண்ணாடியை விடுங்கள். 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். தங்களைத் தாழ்வாக நினைப்பவர்கள் 'நான் அன்புக்குரிய ஆள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாமல் இருந்தவர்களைவிட அவர்களுடைய மனம் இன்னும் சோர்ந்தது. உள்ளே நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, அது ஏன் பொய் என்பதற்கு மனம் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் சொல்கிற வழி உங்களுக்குப் பொருந்தும். 2003இலிருந்து அவர் இதைப் பற்றி எழுதிவருகிறார். தன்னோடு கனிவாகக் கதைப்பது, இந்த நிலை தனக்கு மட்டும் வந்ததல்ல என்று அறிவது, நோவை மூடி மறைக்காமலும் ஊதிப் பெருப்பிக்காமலும் உள்ளபடி பார்ப்பது என்று மூன்றைச் சொல்கிறார். இதைக் கடைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலேயே செய்யலாம். இன்று உங்களுக்கு நீங்களே சொன்னதை அப்படியே எழுதுங்கள். அதன் கீழே, இதே பெறுபேற்றோடு உங்கள் கூட்டாளி கடை வாசலில் வந்து நின்றால் அவனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எழுதுங்கள். "நீ உதவாதவன்" என்றா? "சரி மச்சான், வா, டீ குடிப்பம், அடுத்தது என்ன செய்யிற எண்டு பாப்பம்" என்றுதானே?

தகுதி பெற்ற எல்லோருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லாத நாடு இது. வெட்டுப்புள்ளியில் நின்றுவிட்ட பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கில். என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமை வழியில் ஏழாம் மட்டம் வரை போனால் அது பட்டத்துக்குச் சமம். உங்களுக்குப் பிடித்த துறை அதில் இருக்கிறதா என்று போய் விசாரியுங்கள். இரவு படுக்கப்போகும்போது போனை வேறு அறையில் வையுங்கள். கட்டார் படங்கள் விடிந்தும் அங்கேதான் இருக்கும்.

நான் கேட்காமல் விடமுடியாத கேள்வி ஒன்று: இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால், விடியும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். வாப்பாவிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தால் உம்மாவிடமோ மாமாவிடமோ சொல்லுங்கள், தனியாக இருக்க வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை என்றாலும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். கொப்பியின் கீழ்ப் பாதியில் என்ன எழுதினீர்கள் என்று தெரிய வேண்டும்.