இரண்டே கால் வயது மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. “ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும்” என்கிறார் மாமியார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்காதீர்கள். பொறுத்திருந்து ஒன்றரை வருடத்தை விட்டவள் சொல்கிறேன்.

என் மகனுக்கு ஒன்றரை வயதிலேயே எனக்கு உறுத்தியது. அடுப்படியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கூடத்திலிருந்து ஓடி வருவான். பக்கத்தில் உட்கார்ந்து பத்து முறை பெயரைச் சொன்னாலும் திரும்ப மாட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்ட மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைத் தூக்கிக் குடத்தின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்கவே மாட்டான்.

வீட்டில் சொன்னேன். “அவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்” என்றார் என் அத்தை. முதலில் பார்த்த டாக்டரும் “ரொம்ப யோசிக்கிறீங்கம்மா” என்று அனுப்பிவிட்டார். (டாக்டர்களையே குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிறகு கண்டுபிடித்துச் சொன்னவரும் டாக்டர்தான்.) மூன்று வயதில் பெரா என்கிற காது பரிசோதனை எடுத்தோம், காதில் குறையில்லை. அப்புறம்தான் ஆட்டிசம் என்றார்கள், மற்றவர்களோடு பேசுவதும் பழகுவதும் வேறு மாதிரி இருக்கும் மூளை வளர்ச்சி நிலை அது.

உடனே உறவுக்காரர்கள் கேட்டது, “போன் கொடுத்தியா?” போன் கொடுப்பதால் ஆட்டிசம் வராது. தடுப்பூசியாலும் வராது, 1998-ல் அப்படிச் சந்தேகம் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்று ஒரு காலத்தில் மனநல மருத்துவர்களே சொன்னார்கள். அதுவும் பொய். உங்களையும் கேட்பார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்றும் பயமுறுத்துவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழ் அவன் உரிமை. முத்திரை எங்களுக்கு அது இல்லாமலேயே விழுந்தது. பிள்ளை குதிக்கிறான் என்று வாடகை வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னார். பெயின்ட் காசு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறையைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட அளவில் இருக்கும் மையம் அது, இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் தனியாக விளையாடும்போதும் அவனை வீட்டிலேயே வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பத்து நிமிடத்தில் பிள்ளை எப்படி இருப்பான் என்று சொல்ல முடியாது. எங்களை முதல் முறை திருப்பி அனுப்பிய அன்று, என் மகன் டாக்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.