உலகப் போரை வரைபடத்தில் படிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் மனத்தில் நிற்பதில்லை. பாடநூல் வரைபடத்தில் நாடுகளுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்களே தவிர, போர் ஏன் அந்தந்த இடத்தில் நடந்தது என்பது விளங்கவில்லை. வரைபடத்தை எப்படித்தான் பார்ப்பது?
– கல்லூரி மாணவி ஒருவர், திண்டுக்கல்

பதில்: உங்கள் குறை நியாயமானது. வண்ணம் தீட்டிய வரைபடம் ஒரு குறிப்பிட்ட நாளில் எந்த நிலம் யார் கையில் இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்; அந்த நிலத்துக்கு உணவும் எண்ணெயும் குண்டுகளும் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தன என்பதைச் சொல்லாது. போரை நடத்தியவர்கள் இரவும் பகலும் கவலைப்பட்டது அந்த வழியைப் பற்றித்தான். ஆகவே கப்பல் எங்கே சுற்றிக்கொண்டு போக வேண்டும், ரயில் எந்த ஊரோடு நின்றுவிடும், விமானம் எவ்வளவு தூரம் பறந்துவிட்டுத் திரும்ப முடியும் என்று வரைபடத்திடம் கேட்கப் பழகுங்கள்.

இதற்கு ஒரு பூமி உருண்டையும் ஒரு முழம் நூலும் போதும். நம் பள்ளிச் சுவர்களில் தொங்கும் உலக வரைபடம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலை இரண்டாகப் பிளந்து இரு ஓரங்களிலும் ஒதுக்கிவிடுகிறது. ஜப்பான் வலக் கோடியிலும் அமெரிக்கா இடக் கோடியிலும் இருப்பதால், அவ்விரு நாடுகளும் ஒரே கடலின் இரு கரைகள் என்பதே கண்ணில் படுவதில்லை. உருண்டையில் டோக்கியோவின்மேல் நூலின் ஒரு முனையை வைத்து, மறு முனையைச் சியாட்டில் நகரம்வரை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். நூல் நடுக்கடலில் போகாது. வடக்கே ஏறி, அலாஸ்காவிலிருந்து நீளும் அலூஷியன் தீவுகளை உரசிக்கொண்டு செல்லும். பனிமூட்டமும் புயலும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த மூலையில் அட்டு, கிஸ்கா என்ற இரு தீவுகளை ஜப்பான் 1942 ஜூனில் ஏன் பிடித்தது, அமெரிக்கா அடுத்த ஆண்டு அவற்றை மீட்க ஏன் அவ்வளவு பாடுபட்டது என்ற கேள்விகளுக்கு, தட்டை வரைபடத்தில் கிடைக்காத விளக்கத்தின் பெரும்பகுதி அந்த நூலில் கிடைத்துவிடும்.

அதே நூலை லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ஜிப்ரால்டர் வழியாக எகிப்துக்குக் கொண்டுசெல்லுங்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இந்த மத்தியதரைக் கடல் வழி ஆபத்தானதாகிவிட்டதால், எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்குச் சரக்கு ஏற்றிய கப்பல்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செங்கடல் வழியே சூயஸ் வரவேண்டியதாயிற்று. நூலால் அளந்து பார்த்தால் இந்தச் சுற்று வழி நேர்வழியைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம் என்று தெரியும். சரக்கு மூன்று மடங்கு நாள் கடலில் கிடந்தால், அதே அளவு சரக்கைக் கொண்டுவர மூன்று மடங்கு கப்பல்கள் வேண்டும். மத்தியதரைக் கடலின் நடுவிலுள்ள மால்ட்டா என்ற சிறு தீவின்மேல் அத்தனை குண்டுகள் ஏன் விழுந்தன என்பதும், சிங்கப்பூர் வீழ்ந்த சில வாரங்களில், 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பும் 9ஆம் தேதி திருகோணமலையும் ஏன் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு ஆளாயின என்பதும் இப்போது ஒரே படத்தில் பொருந்தும். இந்துமாக்கடலின் கப்பல் வழிகளைக் காத்த பிரிட்டிஷ் கடற்படை அப்போது தங்கியிருந்தது இலங்கையில்தான்.

நிலத்தில் அளக்கும்போது ரயில் பாதையைப் பாருங்கள். 1941 ஜூன் 22ஆம் தேதி சோவியத் நாட்டுக்குள் புகுந்த ஜெர்மானியப் படை சில மாதங்களில் பிடித்த நிலப்பரப்பு, வண்ண வரைபடத்தில் மலைக்க வைக்கும். ஆனால் ஜெர்மனியில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,435 மில்லிமீட்டர்; சோவியத் நாட்டில் 1,524 மில்லிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாட்டால் ஜெர்மானிய ரயில்கள் எல்லையைத் தாண்டி அப்படியே ஓட முடியவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து நெருக்கிப் போட்டுக்கொண்டே ரயில்வே படைகள் பின்னால் வரவேண்டியிருந்தது. எல்லையிலுள்ள பிரெஸ்ட் நகரிலிருந்து மாஸ்கோ சுமார் 1,000 கிலோமீட்டர். இலையுதிர்கால மழையில் சாலைகள் சேறாகிப்போன பிறகு, முன்னணியில் நின்றவர்களுக்குக் குளிர்கால உடைகூடப் போதிய அளவில் போய்ச் சேரவில்லை.

வானத்துக்கு ஒரு கவராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 கோடையில் அமெரிக்கா மேற்குப் பசிபிக்கிலுள்ள மரியானா தீவுகளைப் பிடித்தது. அங்கிருந்து டோக்கியோ சுமார் 2,400 கிலோமீட்டர், அதாவது பி-29 குண்டுவீச்சு விமானம் போய்த் திரும்பக்கூடிய தொலைவு. அதற்கு முன் சீனாவின் செங்டூவிலிருந்து புறப்பட்ட அதே விமானங்களுக்கு ஜப்பானின் தென்கோடியான கியூஷூ வரைதான் எட்டியது. மரியானா தீவுகளில் ஒன்றான சைபனில் முனையை ஊன்றி 2,400 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் வரையுங்கள். ஜப்பானிய நகரங்களின் கதி அந்த வட்டத்துக்குள் தெரியும்.

பொதுமக்களுக்கு இது மிஞ்சிய வேலை என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர் வீழ்ந்து எட்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 23ஆம் தேதி வானொலியில் பேசிய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், உலக வரைபடத்தை எதிரில் விரித்துவைத்துக்கொண்டு தம் பேச்சைக் கேட்கும்படி மக்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். மக்களும் கடைகளில் வரைபடங்களைத் தேடி வாங்கினார்கள்.

கேள்வி: முத்துத் துறைமுகம் (பேர்ல் ஹார்பர்) தாக்கப்பட்டது டிசம்பர் 7 என்றும், மலாயாவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8 என்றும் படிக்கிறேன். ஆனால் மலாயாத் தாக்குதலே முந்தியது என்கிறார்களே, எது சரி?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: இரண்டும் சரி. இரு இடங்களுக்கும் இடையே சர்வதேசத் தேதிக்கோடு ஓடுகிறது. மலாயாவின் கோத்தா பாருவில் 1941 டிசம்பர் 8 நள்ளிரவு கடந்து ஜப்பானியர் கரையிறங்கியபோது, முத்துத் துறைமுகம் இருக்கும் ஹவாயில் 7ஆம் தேதி காலைதான். அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே அங்கே முதல் குண்டு விழுந்தது. பசிபிக் போரைப் படிக்கும்போது தேதிக்கோடு உள்ள வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்வதும், பழைய நூல்களில் வரும் டான்சிக், ஸ்டாலின்கிராடு, பத்தாவியா ஆகியவற்றின்மேல் கிடான்ஸ்க், வோல்ககிராடு, ஜகார்த்தா என்ற இன்றைய பெயர்களைப் பென்சிலால் எழுதிவைப்பதும் வீண் குழப்பத்தைத் தவிர்க்கும்.

கேள்வி: என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். ஜப்பானியர் காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர் திரும்பவே இல்லை. காட்டுக்குள் அந்தப் பாதை எதற்கு? இன்றைய வரைபடத்தில் அது ஏன் தென்படவில்லை?
– வாசகி ஒருவர், ஈப்போ

பதில்: தங்கள் குடும்பத்தின் துயரத்துக்கு முன்னால் வரைபடம் சிறியதுதான், ஆனாலும் அது சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். பர்மாவைப் பிடித்த ஜப்பான், அங்கிருந்த படைக்குச் சரக்கு அனுப்ப மலாய் தீபகற்பம் முழுவதையும் சுற்றி மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பல் விடவேண்டியிருந்தது. அந்தக் கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. தாய்லாந்தின் பான் போங்கில் ஒரு ரயில் பாதை, பர்மாவின் தன்பியூசயாட்டில் ஒரு ரயில் பாதை. நடுவே மலையும் காடும். அந்த இடைவெளியை நிரப்பப் போட்டதுதான் 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தொலைவைவிடவும் அதிகமான அந்த நீளத்தை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அங்கே வேலை வாங்கப்பட்டனர். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அத்தொழிலாளர்களில் பெருந்தொகையினர். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக அள்ளிக்கொண்டு போயிற்று. கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. இதைப் பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

போருக்குப் பின் பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. இன்று தாய்லாந்தில் ‘நாம் டோக்’ என்ற ஊர் வரைதான் ரயில் ஓடுகிறது. அதற்கு அப்பால் ஒரு பகுதி பிற்காலத்தில் கட்டிய அணையின் நீரில் மூழ்கிவிட்டது. இன்றைய வரைபடத்தில் நாம் டோக்கைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து குவாய் நொய் ஆற்றின் ஓரமாகவே வடமேற்கே மேலேறி, எல்லையிலுள்ள மூன்று பகோடாக் கணவாயைக் கடந்து, தன்பியூசயாட் வரை பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். தாத்தாவின் முகாம் அந்தக் கோட்டின்மேலோ, பான் போங்கிலிருந்து நாம் டோக் வரையுள்ள பாதையின்மேலோ எங்கோ இருந்திருக்கும்.