பழைய டீசல் லாரியில் சைலன்சர் துரு: கேட்டவர்களுக்குப் பதில்

வண்டி அதிகம் ஓடுவதே இல்லை. வாரத்துக்கு நாலு தடவை பக்கத்தில் போய் வருவதோடு சரி. மழையில் நனையும்படி நிறுத்துவதும் இல்லை. அப்படியும் சைலன்சர் ஓட்டையாகிறதே, ஏன்?

அதிகம் ஓடாததால்தான். துரு வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம், ஆனால் சைலன்சரைப் பொறுத்தவரை உள்ளிருந்தும் நிறைய வருகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வெளியேறும். குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அது அப்படியே போய்விடும். ஆறியிருந்தால் உள்சுவரில் வியர்த்து, சைலன்சரின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். டீசலில் உள்ள கந்தகம் அதோடு சேர்ந்தால் அமிலம். இப்போது பல நாடுகளில் கந்தகத்தை 10, 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவுக்குக் குறைத்துவிட்டார்கள், அதனால் அமிலத்தின் வேகம் குறைந்திருக்கிறது, தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. டீசல் இன்ஜின் சுமையில்லாமல் ஓடும்போது புகையில் சூடும் குறைவு. அதனால் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் காய்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம், தண்ணீர் கூடத்தான் செய்யும். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம், முடிந்தால் சுமையோடு, ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். நான் எந்தப் பெயிண்டைச் சொல்வதற்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்.

சைலன்சரின் அடியில் சின்னதாக ஓட்டை போட்டால் தண்ணீர் வடியும் என்கிறார்களே?

பல சைலன்சர்களில் கம்பெனியிலிருந்தே அப்படி ஒரு துளை இருக்கும். கரி அடைத்திருக்கும், மெல்லிய கம்பியை விட்டுக் குத்திவிட்டாலே போதும். இல்லாத சைலன்சரில் போடுவதானால் ஆக அடியில், பின்பக்கமாக, 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கேபினுக்குக் கீழே வருகிற சைலன்சர் என்றால் கை வைக்கவே வைக்காதீர்கள். வண்டிச் சோதனையில் இதை ஏற்பார்களா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேஸிஸுக்கு அடிப்பதுபோல் குழாய்க்கும் பழைய ஆயில் பூசலாமா?

கூடாது. சூட்டில் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும். தாரும், சேஸிஸுக்கு அடிக்கும் ரப்பர் கோட்டிங்கும் அப்படித்தான்.

அப்படியானால் எந்தப் பெயிண்ட்?

600 டிகிரி செல்சியஸ் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் சிலிகான் வகை ஹீட் பெயிண்ட். ஆனால் பெயிண்டைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. துருவின் மேலேயே அடித்தவர்கள்தான் மறு மாதமே உரிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பளிச்சென்று இரும்பு தெரிய வேண்டும், அப்புறம் தின்னரில் துடைத்து விரல் ரேகைகூடப் படாமல் மெல்லிசாக இரண்டு கோட். காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில்தான் அது இறுகும்: கொஞ்ச நேரம் ஓட விட்டு ஆற விடுங்கள், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிக நேரம். டப்பாவில் எழுதியிருக்கும் நேரக்கணக்கைத் தாண்ட வேண்டாம். இவ்வளவும் வெளிப்புறத்துக்குத்தான், உள்ளே பெயிண்ட் ஒன்றும் செய்யாது.

வெப்பத்துக்குச் சுற்றும் துணி நாடா நல்லதா?

பழைய இரும்புக் குழாய்க்கு வேண்டாம். மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே அரிப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

புதுசு மாற்றப் போகிறேன். ஸ்டெயின்லெஸ் என்று விற்கிறார்கள், நம்பலாமா?

எந்த ஸ்டெயின்லெஸ் என்று கேளுங்கள். 409 என்ற வகையில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். மேலே பழுப்பாகத் துருப்பிடிக்கும், ஆனால் ஓட்டையாக வெகுநாள் ஆகும். 304 வகையில் குரோமியம் சுமார் 18, நிக்கல் 8 சதவீதம், உப்புக்கும் ஈரத்துக்கும் மேலானது, விலையும் அதற்கேற்ப இருக்கும். கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள்: இறுக்கி ஒட்டினால் அது 304 அல்ல. அலுமினியம் பூசிய இரும்பும் மோசமில்லை, வெறும் இரும்பைவிட எவ்வளவோ மேல், ஆனால் வெட்டிய ஓரத்திலும் வெல்டிங் பட்ட இடத்திலும் பூச்சு போய்விடும், அங்கே மட்டும் ஹீட் பெயிண்ட் அடித்துவிடுங்கள். கால்வனைஸ், அதாவது துத்தநாகம் பூசிய, குழாயை வாங்கி வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், வெல்டிங் செய்பவர் அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சலில் படுப்பார்.

கிளாம்ப் போல்ட் எல்லாம் துருப்பிடித்து ஒன்றாகிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அறுக்க வேண்டியிருக்கிறது.

மாட்டும்போதே போல்ட் இறுகிப் பிடிக்காமல் இருக்க நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள், சாதா கிரீஸ் எரிந்து போகும். குழாயைத் தொங்கவிடும் ரப்பரையும் அப்போதே பாருங்கள். அது அறுந்தால் குழாயின் கனமெல்லாம் மூட்டில் விழும், துருப்பிடித்த மூட்டு அந்தக் கனத்தைத் தாங்காது.

மேலே செங்குத்தாக நிற்கும் குழாய் எனக்கு.

மூடி போட்டதாக மாற்றுங்கள், அல்லது வாயை வளைத்து விடுங்கள். நிறுத்தி வைத்த வண்டியின் குழாய்க்குள் மழை நேராக இறங்குகிறது.

மூட்டுக்குப் பக்கத்தில் கருப்பாகக் கரி படிந்திருக்கிறது, சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. நாடா சுற்றிச் சமாளிக்கலாமா? நான் இரவில் வண்டியிலேயே படுப்பவன்.

கரி படிந்த இடத்தில் கசிகிறது என்று அர்த்தம். சத்தம் பிறகுதான் வரும். நாடா, ஓட்டையை அடைக்கும் பட்டி எல்லாம் பட்டறை போய்ச் சேரும் வரைக்கும்தான். டீசல் புகையிலும் கார்பன் மோனாக்ஸைடு உண்டு, அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் தெரியவே தெரியாது. அந்த மூட்டை மாற்றும் வரை இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கேபினில் படுக்காதீர்கள், ஒரு இரவுகூட.