டாக்கிங்கில் மைனஸ் ஒன்பது வந்தால் மருந்து கிடைத்துவிட்டதா?

கடைகளில் ஏற்கெனவே விற்கும் மாத்திரைகளில் வைரஸ் பெருகுவதைத் தடுப்பவை உண்டா என்று கணினியில் தேடுவதுதான் என் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம், மருந்துக்கடை வைத்திருப்பவர்: மாத்திரையை கம்ப்யூட்டர் எப்படிங்க சோதிக்கும்?

கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் போனதும் பெருகத் தேவையான தன் புரதங்களை முதலில் நீளச் சரமாகத்தான் செய்ய வைக்கும். அந்தச் சரத்தைத் துண்டு போட புரோட்டியேஸ் என்ற என்சைம் வேண்டும். வெட்டு நடக்கும் இடம் ஒரு சின்னக் குழி, அதில் வேறொரு மூலக்கூறு போய் அடைத்துக்கொண்டால் வைரஸ் பெருக முடியாது. இந்த என்சைமின் வடிவம் 2020 பிப்ரவரியிலேயே புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும் பிடிபி தரவுத்தளத்தில் எல்லாருக்கும் கிடைத்தது. மென்பொருள் ஒவ்வொரு மருந்தையும் அந்தக் குழியில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து மதிப்பெண் போடும், மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணக்கு. இதற்குப் பெயர்தான் டாக்கிங்.

பர்கூர், மாணவர்: என் லேப்டாப் தாங்குமா சார்?

தாங்கும். ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருள் இலவசம்தான், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஊத்தங்கரை, பி.பார்ம் மாணவி: கபசுரக் குடிநீர் மூலிகையில் உள்ள ஒரு பொருளுக்கு 6எல்யூ7-இல் (பிடிபியில் அந்தப் புரோட்டியேஸ் வடிவத்தின் எண்) மைனஸ் 9.1 வந்தது. கைடு கட்டுரை எழுதச் சொல்கிறார். எழுதலாமா?

கொஞ்சம் பொறும்மா. 6எல்யூ7-இல் இருக்கும் என்3 என்ற தடுப்பு மூலக்கூறு, குழியில் உள்ள சிஸ்டீன் 145 என்ற அமினோ அமிலத்துடன் சகப்பிணைப்பே (எலக்ட்ரானைப் பகிரும் வலுவான வேதிப்பிணைப்பு) போட்டிருக்கிறது, சாதாரண ஆட்டோடாக் வினாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதனால் முதலில் அதே என்சைமின் இன்னொரு வடிவமான 6டபிள்யூ63-ஐ எடுத்து, அதில் சகப்பிணைப்பு இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்77 என்ற மூலக்கூறை வெளியே எடுத்துத் திரும்ப டாக் செய்து, பழைய இடத்துக்கே 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (அணு அளவுக்கான நீள அலகு) வருகிறதா என்று பார். வராவிட்டால் உன் 9.1-க்கு மதிப்பே கிடையாது. வந்தாலும் அது சல்லடையில் நின்ற ஒரு பொருள், அவ்வளவுதான். அப்புறம் பெரிய மூலக்கூறு என்றாலே மதிப்பெண் நன்றாகத்தான் வரும், அதையும் கவனி.

அதைவிட முக்கியம், அந்தப் பொருள் ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது. ஐவர்மெக்டின் ஆய்வகத் தட்டில் 5 மைக்ரோமோலார் என்ற செறிவில் வைரஸை அடக்கியது, வழக்கமான டோஸில் ரத்தத்தில் சேருவதோ அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் குரங்குச் சிறுநீரகச் செல்லில் வேலை செய்தது, நுரையீரல் செல்லில் செய்யவில்லை. இந்த இரண்டையும் நம்பி எத்தனை பேர் கடை கடையாக அலைந்தார்கள் என்று நமக்கே தெரியும். கட்டுரை தாராளமாக எழுது, தலைப்பில் ‘மருந்து’ என்று மட்டும் போடாதே.

அரூர், செவிலியர்: டெங்குவுக்கு ஏன் இப்படி ஒன்றும் கிடைக்கவில்லை?

டெங்கு புரோட்டியேஸின் குழி ஆழமில்லாத தட்டை, மூலக்கூறு பிடித்து நிற்காது. ஹெபடைடிஸ் சி-க்காகச் செய்த பாலாபிரவிரை வியட்நாமில் டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வைரஸ் அளவு குறையவில்லை. காய்ச்சல் என்று நம்மிடம் வரும்போதே வைரஸ் உச்சத்தைத் தாண்டி இறங்க ஆரம்பித்திருக்கும், அதுவும் ஒரு சிக்கல். மருந்து வரும்வரை நீர்ச்சத்தும் பாராசிட்டமாலும்தான், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டவே வேண்டாம்.

பென்னாகரம், ஆசிரியர்: கணினி சொல்லி ஒன்றாவது ஜெயித்திருக்கிறதா?

உண்டு சார். பாரிசிடினிப், மூட்டுவாத மாத்திரை. 2020 பிப்ரவரியில் பெனவலென்ட்ஏஐ நிறுவனத்தார் மருத்துவத் தரவுகளைக் கணினியில் அலசி, இது வைரஸ் செல்லுக்குள் நுழைவதையும் தடுக்கலாம், அழற்சியையும் அடக்கலாம் என்றார்கள். 2022 மே மாதம் அமெரிக்காவில், மருத்துவமனையில் ஆக்ஸிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளுக்கு முழு அனுமதி கிடைத்தது. பெரும்பாலும் கைகொடுத்தது அந்த இரண்டாவது குணம்தான்.