பிரின்டரைப் பழுதுபார்ப்பது குழந்தைகளுக்குச் செய்யும் சேவையா?

கேள்வி: நான் தனியார் நிறுவனம் ஒன்றில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். வயது 36. குழந்தைத் தொழிலாளர்களுக்காகவும் பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காகவும் உழைக்கும் ஓர் அமைப்புக்கு, சில மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போய்வருகிறேன். குழந்தைகளோடு இருக்கலாம் என்று ஆசைப்பட்டுத்தான் போனேன். அவர்களோ பிரின்டர் ஓடவில்லை, வைஃபை வரவில்லை, பழைய கோப்பு திறக்கவில்லை என்றே கூப்பிடுகிறார்கள். வழக்கு விவரங்களைப் பதிவுசெய்ய ஒரு செயலி உருவாக்கித் தருகிறேன் என்றதற்கு, ஒருங்கிணைப்பாளர் அக்கா, “இப்போது வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டார். இதற்கிடையில் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் வேறு கேட்கிறார்கள். சம்பளம் வாங்காமல் உழைப்பவளைச் சந்தேகிப்பதுபோல் இருக்கிறது. போன வாரம் ஒரு கணினியைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, திரையில் ஒரு சிறுமியின் வாக்குமூலம் திறந்து கிடந்தது. இரண்டு பக்கம் படித்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அந்தக் குழந்தைக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா? கணவரிடம் சொல்லலாமா? இந்தச் சேவையைத் தொடரவா, விட்டுவிடவா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் வரும் அந்தச் சிறுமியிடமிருந்தே தொடங்குகிறேன். பிரின்டரும் செயலியும் காத்திருக்கலாம்.

சனிக்கிழமை வரை பொறுக்காதீர்கள். இன்றே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து, நேரில் பேச நேரம் கேளுங்கள். கோப்பு திறந்திருந்ததையும் நீங்கள் படித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு ஒன்றை மட்டும் கேளுங்கள்: “இது போலீஸுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டதா?” ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தன்னார்வலருக்கும் அதில் விலக்கு இல்லை. வாக்குமூலமே தட்டச்சாகியிருக்கிறது என்றால் அநேகமாகப் புகாரும் பதிவாகியிருக்கும். இருந்தாலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ‘ஆம்’ என்ற பதில் தெளிவாக வந்தால், அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை உங்கள் கடமை முடிந்தது. பதில் மழுப்பலாக இருந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல்நிலையத்துக்கோ நீங்களே தெரிவியுங்கள்.

அவளைத் தேடிப் போகாதீர்கள். ஊரை விசாரிக்காதீர்கள், பொருள் வாங்கிக் கொடுத்தனுப்பாதீர்கள், அந்தக் கோப்பை மறுபடியும் திறந்து பார்க்காதீர்கள். ஆசையினால்தான் செய்வீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் ஒரு குழந்தையைச் சுற்றி ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள்: குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆற்றுப்படுத்துநர், விசாரணை அதிகாரி, வழக்கு முடியும்வரை கூடவே நிற்கும் துணை நபர். நடந்ததை அவள் ஏற்கெனவே இவர்களில் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்ததோ! முகம் தெரியாத இன்னொருவருக்கும் அது தெரியும் என்று அவள் அறிந்தால், அதில் அவளுக்கு ஆறுதல் எதுவும் இல்லை.

கணவரிடம், “ஒரு குழந்தையின் துயரத்தைப் படித்துவிட்டேன், மனம் கலங்கியிருக்கிறது” என்று தாராளமாகச் சொல்லுங்கள். பெயர், ஊர், பள்ளி, தெரு, அப்பாவின் தொழில் எதையும் சொல்லாதீர்கள். இப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு வழிசெய்கிறது. வீட்டுக்குள் பேசும் பேச்சு சட்டத்தின் கண்ணில் வெளியீடு ஆகாது என்று வாதாடலாம். ஆனால் நம் ஊர்களில் தெருவின் பெயரும் அப்பாவின் தொழிலும் தெரிந்தால் போதும், மீதியை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தூக்கமின்மை நீடித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் ஒருங்கிணைப்பாளரிடமும் இதைச் சொல்லுங்கள். களப்பணியாளர்களுக்கு இந்தக் கலக்கம் புதிதல்ல. அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். அந்தக் கோப்பு உங்கள் கண்ணில் பட்டதே, அதுதான் அந்த அலுவலகத்தில் நீங்கள் தீர்க்க வேண்டிய முதல் பழுது. உங்களுக்குத் திறந்து கிடந்தது நாளை கூரியர் கொண்டுவருபவருக்கும், எதிர்த்தரப்புக்கு வேண்டியவர் யாராவது வந்தால் அவருக்கும் திறந்துதான் கிடக்கும். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்டு, 1992இல் இந்தியாவும் இணைந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. கல்விக்கும் பாதுகாப்புக்கும் உங்கள் அமைப்பினர் வெளியே போய்ப் போராடலாம். இந்த ஓர் உரிமை மட்டும் அவர்களுடைய ஹார்ட் டிஸ்க்குகளில்தான் காக்கப்படவோ பறிபோகவோ செய்கிறது. அங்கே அதைக் காக்கத் தெரிந்தவர் நீங்கள்.

இத்தகைய அலுவலகங்களோடு பல காலம் பழகியவள் நான். மேசைகளின் நிலைமை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டரில் ஒட்டிய சீட்டில். வழக்கு விவரங்கள் ஊழியர்களின் சொந்த ஜிமெயிலில். ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் குழந்தைகளின் கதைகளும் அவரோடு போகும். களத்தில் எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். அங்கிருந்து ஒவ்வொருவர் போனின் கேலரிக்கும், பேக்கப் அமைப்பைப் பொறுத்து அவரவர் கூகுள் போட்டோஸ் கணக்குக்கும் தானாகவே ஏறிவிடும். அந்தப் போனில் விளையாடும் பக்கத்து வீட்டுப் பையனும் அவற்றைப் பார்ப்பான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ராத்திரி 11 மணிக்குக் குழந்தையை மீட்டுக்கொண்டு வருபவருக்கு செட்டிங்ஸ் பார்க்க நேரம் ஏது?

ஆகவே ஆளுக்கொரு லாகின், சில நிமிடங்களில் தானாகப் பூட்டிக்கொள்ளும் திரை, மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, வாட்ஸ்அப் படங்கள் கேலரிக்குப் போகாதபடி ஒவ்வொரு போனிலும் ஒரு மாற்றம் என்று தொடங்குங்கள். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தாலும் உள்ளே இருப்பதை எவரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள். பேக்கப் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும், அதுவும் என்கிரிப்ட் ஆகியே இருக்கட்டும். உங்கள் சொந்தப் பென் டிரைவில் எதையும் ஒருபோதும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பழுதுபார்க்க என்றாலும்கூட. வீட்டிலிருந்தே சரிசெய்யும் வசதிக்காக எனிடெஸ்க் என்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளைப் போட்டு, எப்போது வேண்டுமானாலும் நுழையலாம் என்று திறந்துவைப்பதும் வேண்டாம். ஒரு கணினியில் உட்காரும்முன், அதன் சொந்தக்காரர் கோப்புகளையெல்லாம் மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அலுவலக வழக்கமாக்குங்கள்.

பழைய கணினிகளைக் கழிக்கும்போதும் கவனம் தேவை. கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியைக் காலிசெய்துவிட்டாலே எல்லாம் போய்விட்டதாக அங்கே நினைப்பார்கள். அப்படி அழித்ததை மீட்டெடுக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, முறையாகத் துடைத்து அல்லது உடைத்த பிறகே பழைய சாமான் கடைக்குப் போக வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், பல அமைப்புகள் பழைய இயந்திரங்களைக் கழிக்கும் காலம் இது. எல்லாவற்றையும் கழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில் இலவச மென்பொருள்களான லினக்ஸும் லிப்ரேஆபிஸும் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். கணக்காளரின் கணினியை மட்டும் தொடாதீர்கள், டாலி என்ற கணக்கு மென்பொருள் அதில்தான் இருக்கும்.

எதிர்பாராத விதமாக, ஏதாவது ஒரு கணினியிலோ போனிலோ குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படம் கண்ணில் பட்டால் நகலெடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், பதறிப்போய் அழிக்கவும் செய்யாதீர்கள். அந்தச் சாதனத்தை அப்படியே விட்டுவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லி, போலீஸுக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். இப்படிப்பட்ட படங்களை வெறுமனே தரவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தெரிவிக்காமல் வைத்திருப்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய கோப்பு திறக்கவில்லை என்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? வானவில்லிலோ பாமினியிலோ தட்டச்சு செய்த மனுக்கள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய வழக்கத்தின் மிச்சம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் மீட்கப்பட்ட ஒரு பையன், இப்போது இளைஞனாகி, தன் பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டு வந்து நிற்கலாம். அவனுக்கான தாள் அந்தக் கோப்பில் இருக்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும். ஆனால் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும் ஆபத்து உண்டு. மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றியதை வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவது வழக்குப் பணியாளரின் வேலை. நீங்கள் ஒரு மாதிரிக் கோப்பை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். தட்டச்சுத் தேர்வு எழுதிய மூத்த ஊழியருக்குப் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகைதான் கையில் ஓடும். யூனிகோடிலேயே அந்த அமைப்பை வைத்துக் கொடுத்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகை சிறந்தது என்று அவரோடு வாதாட வேண்டாம்.

பிரின்டர் விஷயம். குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒரு குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். கெடு முடியும் நாளில் பிரின்டர் நின்றுவிட்டால், அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஓடுவார்கள். கடைக்காரரின் கணினியில் அந்தக் கோப்பு தங்கிவிடும். அந்தப் பிரின்டரைத்தான் உங்களைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். கணினிக்கென்று ஆள் வைத்துக்கொள்ள அவர்களிடம் பணமும் இருக்காது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக 2020ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குறைத்தது. உள்நாட்டு நிதி தருபவர்களிலும் பலர் திட்டத்துக்குத் தருவார்கள், திட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்குத் தர யோசிப்பார்கள்.

செயலியைப் பொறுத்தவரை நான் உங்கள் ஒருங்கிணைப்பாளர் பக்கம். குழந்தைகள் இல்லம் நடத்தும் அமைப்பானால் அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். நிதி தருபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எக்செல் படிவம் தனியாக. இவற்றோடு உங்கள் செயலியும் சேர்ந்தால், ஒரே குழந்தையின் பெயரை இன்னோர் இடத்திலும் எழுத வேண்டியிருக்கும். நீங்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஆர்வமுள்ள இளைஞர்கள் செய்துகொடுத்துவிட்டுப் போன செயலிகள் திறக்க முடியாமல் கிடப்பதை இந்தத் துறையில் பலரும் பார்த்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தையாகவே கொள்கிறது. குழந்தைகளின் விவரங்களைக் கையாளும் புதிய மென்பொருளை ஒருவர் மட்டும் ஓய்வு நேரத்தில் எழுதிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓராண்டு அங்கே வேலை செய்யுங்கள். அதன்பிறகும் அது தேவை என்று அவர்களே கேட்டால் யோசிக்கலாம்.

அதுவரை, நீங்கள் இல்லாவிட்டாலும் அலுவலகம் நடக்கும்படி செய்யுங்கள். இணையதளப் பெயர் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும், ரவுட்டரின் பாஸ்வேர்டு என்ன, பேக்கப் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, மூடிய உறையில் இயக்குநரிடம் கொடுங்கள். நிர்வாகி கணக்கு உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்குச் சில சேவைகளை இலவசமாகவோ சலுகை விலையிலோ தருகின்றன. அதற்கு விண்ணப்பித்துக் கொடுத்தாலே ஊழியர்களின் சொந்த ஜிமெயில் பிரச்சினை பெருமளவு தீரும்.

குழந்தைகளோடு இருக்கும் ஆசை நியாயமானது. அதைக் கணினி வேலையோடு கலக்காமல் தனியாகக் கேளுங்கள். வளரிளம் பெண்களுக்கு, போனில் மிரட்டல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமானவர் அங்கே இருக்க மாட்டார். பணியாளர் ஒருவர் உடனிருக்க, அவர்கள் வகுக்கும் விதிப்படி செய்யுங்கள்.

போலீஸ் சரிபார்ப்பு கேட்டதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும் எண்ணம் கொண்டவர்கள் இப்படிப்பட்ட இடங்களைத் தேடி, நல்லவர்களாகவே வருவார்கள். முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய எவராலும் முடியாது, ஆகையால் எல்லோரிடமும் கேட்பதே முறை. அந்த அலுவலகத்தின் அத்தனை கோப்புகளும் உங்கள் கைக்கு எட்டும். மற்ற தன்னார்வலர்களைவிட உங்களிடம்தான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். சில மாதங்கள் தாமதித்தது அவர்களுடைய குறை. ரகசியம் காப்பதற்கான உறுதிமொழியிலும் கையெழுத்து கேட்டால் போடுங்கள். கேட்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்கிப் போடுங்கள்.

தொடருங்கள், சகோதரி. சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வரும்வரை வழக்குக் கோப்புகள் உள்ள கணினிகளைத் தொடாமல், வைஃபையையும் பிரின்டரையும் மட்டும் பாருங்கள்.