கீழ் பல் செட்டு எழும்பி எழும்பி வருதா? வாசகர் கேள்விகளுக்கு பல் டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 67 வயசு. எல்லா பல்லும் போய் ஆறு வருஷமா பல் செட்டுதான். மேல் செட்டு நல்லா ஒட்டிக்கிது, கீழ் செட்டு ரெண்டு வார்த்தை பேசினாலே எழும்பி வந்துடுது. ரெண்டு தடவை புதுசா செஞ்சு பாத்தாச்சு, ஒட்டுற பேஸ்ட்டும் தடவி பாத்தாச்சு. இப்ப அதை டப்பால போட்டு வச்சிட்டு குழைஞ்ச சாதமும் இட்லியுமா ஓட்டுறாங்க, கல்யாண வீட்டுக்கு வந்தாலும் பந்தியில உக்காரமாட்டேங்கிறாங்க. ஒரு டாக்டர் முழுசா கழட்டவே முடியாத மாதிரி ஃபிக்ஸ் பண்ணனும்னார், அவர் சொன்ன தொகை எங்களுக்கு கட்டாது. இன்னொருத்தர் கீழ ரெண்டே ரெண்டு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்புக்குள்ள வைக்கிற ஸ்க்ரூ, போதும்ங்கிறார். யாரை நம்புறது? அம்மாவுக்கு சுகர் வேற இருக்கு. (வாசகி, கும்பகோணம்)

பதில்: பந்தியில உக்காரமாட்டேங்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைத்தான்மா நான் முதல்ல படிச்சேன். கீழ் செட்டு ஆடுறவங்க பேசும்போது கையை வாய்கிட்ட கொண்டு போவாங்க, உங்க அம்மாவும் அப்படித்தான் இருப்பாங்க. இது வயசானா வர்றதுதான்னு விட்டுடாதீங்க, இதுக்கு வழி இருக்கு.

உங்க அம்மா செட்டை சரியா மாட்டலன்னோ செஞ்ச டாக்டர் சரியில்லன்னோ நினைக்காதீங்க. மேல் செட்டு அண்ணத்தை முழுசா மூடி, எச்சிலோட சேர்ந்து உறிஞ்சி பிடிச்சுக்கும். கீழ அதுக்கு இடமே இல்ல, லாடம் மாதிரி ஒரு மெல்லிசான மேடு மட்டும்தான், நடுவுல நாக்கு, ரெண்டு பக்கமும் கன்னம், எல்லாம் சேர்ந்து செட்டை தூக்கிவிட்டுடும். அதோட பல் போன எடத்துல எலும்பு வருஷா வருஷம் கரையும், கீழ்த்தாடையில அது மேல்தாடையைவிட கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதான் எத்தனை தடவை புதுசா செஞ்சாலும் கொஞ்ச நாள்ல பழைய கதையாயிடுது.

ரெண்டு இம்ப்ளாண்ட் போதும்னு சொன்னவர் சொல்றது சரிதான். 2002-ல கனடா மான்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்துல இந்த துறை நிபுணர்கள் கூடி, கீழ்த்தாடையில பல்லே இல்லாதவங்களுக்கு வெறும் செட்டை முதல் சிகிச்சையா நினைக்க வேண்டாம், ரெண்டு இம்ப்ளாண்ட் மேல நிக்கிற செட்டுதான் முதல் தேர்வா இருக்கணும்னு சொன்னாங்க. 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம ஊர்ல இன்னமும் "ஒண்ணு வெறும் செட்டு, இல்லனா லட்சக்கணக்குல ஃபிக்ஸ்"னு ரெண்டு வழி மட்டும் சொல்றாங்களேன்னு எனக்கு நெஜமாவே வருத்தம்தான்.

எப்படின்னா, முன்னாடி கோரைப்பல் இருந்த எடத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டைட்டானியம் ஸ்க்ரூ எலும்புக்குள்ள வைப்பாங்க. எலும்பு ரொம்ப கரைஞ்சவங்களுக்கும் பெரும்பாலும் அந்த முன்பக்கத்துல எலும்பு மிச்சம் இருக்கும். மரத்துப்போற ஊசி போட்டு செய்றதுதான், பல் புடுங்கினதைவிட வலி கம்மியா இருந்துச்சுன்னு நெறைய பேர் சொல்றாங்க. அப்புறம் மூணு மாசம் மாதிரி காத்திருந்தா எலும்பு டைட்டானியத்தோட ஒட்டி வளந்துடும். 1952-ல ஸ்வீடன்ல பிரோனமார்க்னு ஒரு டாக்டர் முயல் கால் எலும்புல டைட்டானியக் கருவி ஒண்ணு வச்சு ரத்த ஓட்டத்தை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு, கடைசியில அதை எடுக்கவே முடியல, எலும்பு அதை தன்னோட சேத்துக்கிச்சு. 1965-ல முதல் தடவையா ஒரு மனுஷனுக்கு கீழ்த்தாடையில வச்சாரு, அந்த நோயாளி 2006-ல சாகுற வரைக்கும் 40 வருஷம் அதுலதான் மென்னு சாப்பிட்டாரு.

ஒட்டினதும் ஸ்க்ரூ தலையில ஒரு சின்ன குமிழ் மாட்டுவாங்க, செட்டுக்கு அடியில அதுக்கு ஏத்த குழி. ஜாக்கெட்டுல பிரஸ் பட்டன் போடுற மாதிரிதான், அழுத்தினா டக்குனு உக்காரும், இழுத்தா வரும். இன்னொண்ணு, பழைய செட்டு நல்ல நிலைமையில இருந்தா பல சமயம் அதுலயே அந்த குழியை வச்சு குடுத்துடலாம், புதுசு வேணும்னு இல்ல, இதை கேட்டு பாருங்க, செலவு கொறையும்.

ஆனா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே போங்க. செட்டு ஆடாதே தவிர மெல்லுற பாரம் இன்னும் ஈறு மேலதான் விழும், அடியில சோத்துப் பருக்கை போகும். குழிக்குள்ள இருக்கிற நைலான் வளையம் தேயும், ஒரு வருஷம் போல ஆனா மாத்தணும். எந்த கம்பெனி இம்ப்ளாண்ட், என்ன சைஸ்னு எழுதின ஸ்டிக்கரையோ அட்டையையோ கண்டிப்பா கேட்டு வாங்கி பத்திரமா வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற டாக்டர்கிட்ட போனா அது இல்லாம சரியான பாகம் கிடைக்காம அலையணும்.

ஃபிக்ஸ் பண்ற முறை தப்பில்ல, நாலோ அதுக்கு மேலயோ இம்ப்ளாண்ட் வச்சு செய்றது, சொந்த பல் மாதிரியே இருக்கும். ஆனா அதுக்கு அடியில தினமும் நுணுக்கமா சுத்தம் பண்ணனும். நாளைக்கு அம்மாவுக்கு கை நடுங்கினாலோ படுத்த படுக்கையானாலோ யார் செய்வாங்க? கழட்டுற செட்டுன்னா நீங்களே எடுத்து கழுவி மாட்டி விட்டுடலாம். வயசானவங்களுக்கு காசு இருந்தாலும் கழட்டுறதையே நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சுகர் இருந்தா கூடாதுன்னு இல்ல. மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் (HbA1c) எடுங்க, 7 பக்கத்துல இருந்தா நல்லது, 8-ஐ தாண்டியிருந்தா கொறச்சிட்டு வாங்க, அவசரமே இல்ல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா நீங்களா நிறுத்திடாதீங்க. எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு ஊசியோ போட்டிருந்தா மறைக்காம சொல்லிடுங்க, அதுல சில மருந்து தாடை எலும்பு ஆறுறதை பாதிக்கும், அபூர்வம்தான், ஆனா வந்தா ரொம்ப கஷ்டம். வெத்தலையோட புகையிலை போடுற பழக்கம் இருந்தா முதல்ல அதை விடணும். சிதம்பரம் உங்களுக்கு பக்கம்தான், அங்க பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, போய் ஒரு கருத்து கேட்டுட்டு வாங்க.

கேள்வி: மேல் செட்டுக்கும் ரெண்டு இம்ப்ளாண்ட் வச்சுக்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: மேல ரெண்டு பத்தாதுங்க. மேல்தாடை எலும்பு பஞ்சு மாதிரி, பின்பக்கம் எலும்புக்குள்ள சைனஸ்ங்கிற காத்து அறை வேற இருக்கு, அதனால கொறஞ்சது நாலு வைக்கணும், ஒட்டவும் கூடுதலா நாள் ஆகும். மேல் செட்டு ஆடலன்னா அதை தொடவே வேண்டாம், கீழ மட்டும் பாருங்க. அண்ணத்தை மூடுறது குமட்டுதுன்னா மட்டும் அது வேற விஷயம், நாலு இம்ப்ளாண்ட் வச்சா அண்ணத்தை விட்டுட்டு செட்டு செய்யலாம்.

கேள்வி: இம்ப்ளாண்ட் செட்டை ராத்திரி கழட்டணுமா? பேஸ்ட் போட்டு தேய்க்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஆமாங்க, கழட்டிடணும், ஈறுக்கு காத்தும் எச்சிலும் படணும். பேஸ்ட் வேண்டாம், அது செட்டை கீறிடும், கீறல்ல அழுக்கு சேரும். சாதாரண சோப்பும் மெதுவான பிரஷ்ஷும் போதும், கீழ விழுந்தா ஒடையாம இருக்க தொட்டியில தண்ணி விட்டு அது மேல வச்சு கழுவுங்க, அப்புறம் பச்சத்தண்ணியில போட்டு வைங்க, சுடுதண்ணி பட்டா கோணிக்கும். வாயில இருக்கிற குமிழை சுத்தி தினமும் பிரஷ் போடுங்க. அங்க தேய்க்கும்போது ரத்தம் வந்தாலோ வீங்கினாலோ வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம அந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.